நெகட்டிவ் யாருக்குச் சொந்தம்?

கல்யாணம் முடிந்து ஆல்பம் வருவதற்கு முன்பே பெண் வீட்டிலிருந்தோ மாப்பிள்ளை வீட்டிலிருந்தோ ஒரு போன் வரும். "தம்பி, எடுத்த போட்டோ எல்லாத்தையும் எடிட் பண்ணாம அப்படியே ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டுக் குடுத்துடுங்க." வார இறுதியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போகும் என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேர் அதிகம் புலம்புவது இந்த போனைப் பற்றித்தான். கொடுக்க மனசு வராது. ஏன் கூடாது என்று கேட்டால் சொல்லவும் தெரியாது. "காசு குடுத்தது நாங்கதானே" என்று அவர்கள் கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

இந்த ரா ஃபைல் தகராறு டிஜிட்டல் கேமராவோடு பிறந்தது போலத் தெரியும். உண்மையில் இதற்கு நூற்றைம்பது வயதுக்கு மேல்.

1839இல் உலகுக்கு அறிமுகமான டாகுரியோடைப் முறையில் சண்டைக்கே இடமில்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேராகப் படம் விழும், நெகட்டிவ் கிடையாது. வாடிக்கையாளர் அசலையே வீட்டுக்கு எடுத்துப் போனார். 1851இல் ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் கொலோடியன் பூசிய கண்ணாடியில் நெகட்டிவ் எடுக்கும் முறையை வெளியிட்டார் (பாவம், அவர் அதற்குக் காப்புரிமை கூட வாங்கவில்லை). 1854இல் பாரிஸில் டிஸ்டெரி ஒரே தகட்டில் பல சின்னப் படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதோடு வியாபாரமே மாறிவிட்டது. ஒரு தடவை எடு, பத்து தடவை பிரிண்ட் போட்டு விற்று விடு! 'நெகட்டிவ் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பிரதி கிடைக்கும்' என்ற பொருளில் படத்தின் அட்டைக்குப் பின்னாலேயே ஸ்டுடியோக்கள் அச்சடித்தன. நம் பி.காம் பாஷையில் சொன்னால், அலமாரியில் இருந்த அந்தக் கண்ணாடிகள்தான் ஸ்டுடியோவின் நிலைச் சொத்து.

சட்டம் உள்ளே நுழைந்தது 1862இல். பிரிட்டனின் நுண்கலைப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவருக்காக மறுபயன் பெற்றுக்கொண்டு நெகட்டிவ் எடுத்தால் பதிப்புரிமை படம் எடுத்தவரிடம் நிற்காது என்றது. தனக்கு வேண்டுமென்றால் வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மறுபயனுக்கு இலக்கணம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிய நமக்கு, அது இப்படி ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது :-) ஆனால் கண்ணாடி என்னவோ ஸ்டுடியோ அலமாரியில்தான் இருந்தது. பொருள் ஒருவர் கையில், உரிமை இன்னொருவர் கையில்.

இதன் விபரீதம் 1888இல் லண்டன் நீதிமன்றத்தில் வெளிவந்தது. திருமதி பொல்லார்ட் என்ற பெண்மணி பணம் கொடுத்து ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்துக்கொண்டார். கையில் இருந்த நெகட்டிவை வைத்து ஸ்டுடியோக்காரர் அவர் முகத்தைக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையாக்கிக் கடையில் வைத்துவிட்டார். பொல்லார்ட் தரப்பு பதிப்புரிமையைப் பதிவு செய்திருக்கவில்லை, அதனால் 1862 சட்டத்தின் பலன் கிடைக்காது. நீதிபதி நார்த் வேறு வழியில் போனார். நெகட்டிவை வாடிக்கையாளருக்குப் பிரதி தருவதற்கு மட்டுமே பயன்படுத்துவேன் என்பது சொல்லாமலே அடங்கிய ஒப்பந்தம், அதை மீறுவது நம்பிக்கைத் துரோகமும் கூட என்று சொல்லித் தடை விதித்தார். இந்த வழக்கைப் படித்த பிறகு, ஒரிஜினல் வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டுப் பெண்ணின் முகம் யாரோ ஒருவரின் அலமாரியில் (இன்று ஹார்ட் டிஸ்க்கில்) இருக்கிறதே என்ற பயம் அன்றும் இருந்தது.

பிரிட்டனின் 1911 சட்டத்தில் ஒரு விநோதம் உண்டு. படம் எடுக்கும்போது நெகட்டிவ் யாருக்குச் சொந்தமோ அவரே படைப்பாளி! கேமராவின் பொத்தானை அழுத்தியவர் கணக்கிலேயே இல்லை. 1914 சட்டத்தின் வழியாக இந்தியாவுக்கும் அதே விதி வந்தது. சுதந்திர இந்தியாவின் 1957 சட்டம்தான் படம் எடுத்தவரைப் படைப்பாளி என்றது. ஆனால் 17ஆம் பிரிவு பழைய வாடையை விடவில்லை. ஒருவர் கேட்டு, மறுபயன் கொடுத்து எடுத்த புகைப்படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். பிரிட்டன் தன் 1988 சட்டத்தில் உரிமையைப் படம் எடுத்தவருக்கே கொடுத்துவிட்டது. சொந்த, குடும்பத் தேவைக்காக எடுக்கச் சொன்னவருக்கு, அதைப் பொதுவில் வெளியிடாமல் தடுக்கும் உரிமையை மட்டும் வைத்தது. நாம் 1862இன் தொடர்ச்சியிலேயே இருக்கிறோம்.

அப்படியானால் "காசு குடுத்தது நாங்க" என்பவர் ஜெயித்துவிட்டாரா? பாதிதான். 17ஆம் பிரிவு உரிமையைச் சொல்கிறதே தவிர, ஃபைலை ஒப்படை என்று சொல்லவில்லை. 57ஆம் பிரிவோ, பதிப்புரிமை கைமாறினாலும், படைப்பாளியின் பெயரும் அவர் கௌரவம் கெடும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் அவரிடமே நிற்கும் என்கிறது. ரா ஃபைல் விஷயத்தில் போட்டோகிராபரின் நிஜமான பயம் இதுதானே? ரா என்பது சென்சார் பதிவு செய்த ஒளியின் கணக்கு, இன்னும் கழுவாத படம். 2004இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பொது ரா வடிவத்துக்கு டிஜிட்டல் நெகட்டிவ் என்றே பெயர் வைத்தார்கள். அதை யாரோ ஒரு மொபைல் ஆப்பில் போட்டு, மணப்பெண்ணை ஆரஞ்சு நிறமாக்கி, கீழே உங்கள் பெயரையும் போட்டால் அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும்?

மறுபிரதி வருமானம் என்ற பழைய காரணம் செத்துவிட்டது. கண்ணாடியைக் கொடுத்தால் கை காலி, ஃபைலைக் கொடுத்தால் இருவரிடமும் இருக்கும். அதனால் நண்பர்களுக்கு நான் சொல்வது: முதலில் எதற்கு என்று கேளுங்கள். பல சமயம் அவர்களுக்கு வேண்டியது ரா இல்லை, ஆல்பத்தில் விட்டுப்போன பெரியப்பாவின் படம். ஜேபெக்காகக் கொடுத்தால் முடிந்தது. உண்மையிலேயே ரா வேண்டுமென்றால் அதற்கு எவ்வளவு, மாற்றிய படத்தில் உங்கள் பெயர் வரலாமா, உங்களிடம் இருக்கும் பிரதியை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று கொட்டேஷனிலேயே எழுதி, அட்வான்ஸ் வாங்கும்போதே இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் படங்களை உங்கள் விளம்பரப் பக்கத்தில் போடலாமா என்பதையும் அதே தாளில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.