முண்ணாண் ஊசியும் இருதயத்தின் வேகமும்

அறிவை மயக்காது நோவை மட்டும் போக்கிச் சத்திரசிகிச்சை செய்யும் வழியொன்றை 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜேர்மனியின் கீல் நகரிலே ஒகுஸ்ற் பியர் என்னும் வைத்தியர் கண்டார். முண்ணாணைச் சூழ்ந்த நீரினுள் அவர் சிறிதளவு கொக்கெயினைச் செலுத்த, நோயாளியின் கால்கள் மரத்தன. பின்னர் அவரும் அவர்தம் உதவியாளர் ஹில்டெபிரான்ற்றும் தம்முடலிலேயே அதனைச் சோதித்தனர். உதவியாளரின் காலைச் சுருட்டினாற் சுட்டும் அவர் நோவறியவில்லை. பியருக்கோ தலைவலியே மிஞ்சியது. பல நாள் படுக்கையிற் கிடந்தார்.

1921இல் ஸ்பானிய இராணுவ வைத்தியர் பிடெல் பாகேஸ், முண்ணாணின் உறைக்கு வெளியே மருந்தைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். இன்று மகப்பேற்று விடுதிகளில் வழங்கும் எபிடியூரல் முறை அதுவே. 1923இல் வாகன விபத்தொன்றில் அவர் இறந்தமையால் அவர் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

நோவு போயிற்று, வேறோர் இடர் வந்தது. முண்ணாணிலிருந்து குருதிக்குழாய்களை இறுக்கிவைக்கும் பரிவு நரம்புகளும் புறப்படுகின்றன. அவை மரத்தால் குழாய்கள் தளரும், குருதி கீழே தேங்கும், குருதியமுக்கம் வீழும். மருந்து இடுப்பளவில் நின்றால் இருதயம் விரைந்து துடித்து ஓரளவு ஈடுசெய்யும். நெஞ்சின் மேற்பகுதியை எட்டிவிட்டாலோ, இருதயத்தை விரைவிக்கும் நரம்புகளே அடங்கிவிடும். விரையவேண்டிய வேளையில் அது மந்தமாகும்.

மாற்று மருந்து கிழக்கிலிருந்து வந்தது. சீன வைத்தியத்தில் வழங்கிய மா ஹுவாங் செடியிலிருந்து ஜப்பானியரான நாகாய் 1885இல் எபெட்ரினைப் பிரித்தெடுத்திருந்தார். பீக்கிங்கிலே சென், ஷ்மிற் ஆகிய இருவரும் 1924இல் அதன் இயல்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். 1927இல் ஒக்கர்பிளாட், டில்லன் என்னும் அமெரிக்க வைத்தியர்கள், முண்ணாண் ஊசி பெற்றோரிடத்து அதனைப் பயன்படுத்தியது பற்றி எழுதினர்.

நரம்பு மரத்திருக்க, நரம்பின் வாயிலாகவே பெரிதும் வேலைசெய்யும் மருந்து எவ்வாறு பலித்தது? ஊசி தடுப்பது நரம்பின் வேரிலே. இருதயத்திலுள்ள நுனிகளில் நோரத்திரினலீன் சேமிப்புக் கெடாதிருக்கிறது. கட்டளை வராவிடினும் எபெட்ரின் அக்களஞ்சியத்தைத் திறக்கிறது. மீண்டும் மீண்டும் கொடுத்தாலோ பயன் தேய்கிறது. அத்திரினலீன் அவ்வாறன்று, அது இருதயத் தசையையே நேரிற் தூண்டும். ஆதலின் பேரிடர் நேர்ந்தால் வைத்தியர் நாடுவது அதனையே.

எபெட்ரின் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவின் குருதியில் அமிலத்தைக் கூட்டுவதாக அறியப்பட்டபின், சிசேரியன் சிகிச்சையில் அதன் முதலிடத்தைக் குழாய்களை இறுக்கும் பினைலெப்ரின் பெற்றுவிட்டது.