வாயைப் பாரு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர் கிளியனூர். எட்டு வயதில் லீவு நாட்களை ஏரிக்கரையில் தாத்தாவோடு கழித்தேன். அவரிடம் ஒரு பழைய பவுடர் டப்பா உண்டு. உள்ளே தேய்ந்த ஹவாய் செருப்புத் துண்டு ஒன்று. அதில் ஏழு அளவுகளில் தூண்டில் முட்களை வரிசையாகக் குத்தி வைத்திருப்பார்.

"எந்த மீனுக்கு எந்த முள்ளு தாத்தா?"

"மீனப் பாக்காதடா. அதோட வாயப் பாரு."

கெண்டைக்கு வாய் சின்னது. இரையைக் கொறித்துக் கொறித்துப் பார்க்கும். அதற்கு இருப்பதிலேயே பொடி முள், நுனியில் மாவு உருண்டை. கெளுத்தி அப்படியில்லை, மண்புழுவைத் தொண்டை வரை விழுங்கிவிடும். அதற்குக் காம்பு நீண்ட முள் வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும்போது அதன் துடுப்பு முள் நம் கையில் ஏறும், அன்று ராத்திரி தூக்கம் போச்சு. வரால் பதுங்கிக் கிடந்து தவளையை ஒரே வாயில் அள்ளுகிற ஜாதி. அதற்குத் தடித்த பெரிய முள். தக்கை அமுங்கியதும் அவசரப்பட்டு இழுக்கவும் கூடாது, விழுங்க நேரம் கொடுக்கணும்.

பல வருஷம் கழித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆன்லைனில் முள் வாங்கினேன். பாக்கெட்டில் நம்பர் போட்டிருந்தது. 16-ஐ விட 10 பெரியது, 10-ஐ விட 1 பெரியது. அதற்கு மேல் போனால் 1/0, 2/0, 3/0 என்று நம்பர் ஏற ஏற முள்ளும் பெரிதாகிறது. போதாததற்கு, ஒரு கம்பெனியின் 6-ஆம் நம்பரும் இன்னொரு கம்பெனியின் 6-ஆம் நம்பரும் ஒரே அளவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. என் டீமில் யாராவது இப்படி எழுதியிருந்தால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன இங்கிலாந்தின் ரெட்டிச் நகரமும், 1877-இல் முள் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய நார்வேயின் மஸ்டாட் கம்பெனியும் முள்ளை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. தாத்தாவின் டப்பாவில் இருந்தவையும் இயந்திரத்தில் செய்தவைதான். அவருக்கு நம்பர் மட்டும் தெரியாது, கெண்டை முள், வரால் முள் என்றுதான் சொல்வார்.

இந்த அறிவு ரொம்பப் பழசு. ஜப்பானின் ஒகினாவா தீவில், ஒரு குகையில், கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முள் கிடைத்தது. வயது சுமார் 23,000 ஆண்டுகள். மொகஞ்சதாரோவில் எதிர்முள் வைத்த செம்பு முட்களே கிடைத்திருக்கின்றன. குறுந்தொகையில் ஒரு புலவரின் இயற்பெயர் காணாமல் போய், 'மீனெறி தூண்டிலார்' என்ற பெயர் நின்றுவிட்டது. யானை கைவிட்ட மூங்கில் விருட்டென்று மேலே எழுவதை, மீனைத் தூக்கும் தூண்டில் கோலோடு ஒப்பிட்டவர் அவர். கரையில் உட்கார்ந்து பார்க்காதவருக்கு அந்த உவமை வந்திருக்காது.

நம் பக்கத்து ஏரி, குளத் தூண்டிலைப் பற்றிப் புத்தகம் போட்டவர் ஒரு வெள்ளைக்காரர். மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873-இல் 'தி ராட் இன் இண்டியா', 1887-இல் 'டேங்க் ஆங்லிங் இன் இண்டியா'. மஷீர் மீன் வாயை அழுத்தினால் சாதாரண முள் நசுங்கிப்போகும், கனமான முள் வேண்டும் என்று எழுதினார். அவரும் வாயைத்தான் பார்த்திருக்கிறார். தாத்தாவுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அச்சகம்.

1952-இல் இந்தியாவுக்குள் ஒரு புது வாய் வந்தது. ஆப்பிரிக்காவின் திலாப்பியா, நம் ஊரில் ஜிலேபி. ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் கொண்டுவந்தார்கள். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் தன் வாயிலேயே வைத்துக் காக்கும், அதனால் பிழைப்பவை அதிகம். குளத்துக்குக் குளம் பெருகியது. 1959-இல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு அதைப் பரப்பத் தடை போட்டபோது மீன் எப்போதோ கைமீறிப் போயிருந்தது.

சூதாட்டத்தில் ஜெயிப்பதை, தூண்டிற்பொன்னை மீன் விழுங்குவதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். அங்கே பொன் என்றால் தங்கம் இல்லை, இரும்பு. பரிமேலழகர் அப்படித்தான் பொருள் சொல்கிறார். இரை என்று நினைத்து விழுங்குகிறது மீன். ஜிலேபி விஷயத்தில் விழுங்கியது நாம்.

பழியை முழுக்க ஜிலேபி மேல் போடவும் முடியாது. ஏரி சீக்கிரம் வற்றுகிறது, வயல் மருந்து மழையில் கரைந்து ஏரியில்தான் இறங்குகிறது. ஆனால் வற்றி நிரம்பும் தண்ணீரில் முதலில் குடியேறுவது, எதையும் தின்று எங்கும் பெருகுகிற மீன்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கடையில் முள் கேட்டேன். ஒரே அளவில் ஒரு பாக்கெட்டை எடுத்துப் போட்டார்.

"வேற சைஸ் இல்லையாண்ணே?"

"எதுக்குப்பா? ஜிலேபிதான மாட்டும். அதுக்கு இது போதும்."

வீட்டுக்கு வந்து தாத்தாவின் டப்பாவைத் திறந்தேன். செருப்புத் துண்டில் ஏழு முள்ளும் அப்படியே இருந்தன. கடையில் வாங்கியதை ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்தேன். சின்னதிலிருந்து மூன்றாவதோடு பொருந்தியது. அதைவிடப் பெரியவை நாலும் துரு ஏறிக் கிடந்தன.