பாவமன்னிப்புச் சீட்டு போன வழி

1454 அக்டோபர் 22 அன்று ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் ஒருவர் காணிக்கை செலுத்தி ஒரு சீட்டு பெற்றுக்கொண்டார். பதப்படுத்திய தோலில் அச்சான 31 வரி லத்தீன். பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருந்தார்கள்; அதைக் கையால் நிரப்பிக் கொடுத்தார்கள். எழுத்துக்களைக் கோத்து ஐரோப்பாவில் அச்சடித்தவற்றுள், தேதியோடு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பொருள் இந்த வகைச் சீட்டுதான். அச்சு முன்னோடி குட்டன்பர்க்கின் மைன்ஸ் நகரம் அந்த நாட்களில் பைபிளை அச்சேற்றிக்கொண்டிருந்தது. பைபிள் பெரிய வேலை, பல மாதம் பிடிக்கும். சீட்டு சட்டென்று முடியும், உடனே பணமாகும். அச்சுக்கூடம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்றும் புரியும்.

அதற்கு முந்தைய ஆண்டில்தான் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியர் கைக்குப் போயிருந்தது. அடுத்தது சைப்ரஸ் தீவு என்ற பயம். அதைக் காக்கப் பணம் தருபவர்களுக்குப் பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலஸ் ஒரு சலுகை அறிவித்தார். சீட்டை வைத்திருப்பவர் தமக்குப் பிடித்த குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து முழு மன்னிப்பு பெறலாம்: வாழ்நாளில் ஒரு முறை, சாகும் தறுவாயில் ஒரு முறை.

இதை வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொள்ளைநோய் ஊரைக் காலி செய்த காலம் அது. குருவானவர் வருவதற்குள் உயிர் போய்விட்டால் என்ன கதி என்பது வீட்டுக்கு வீடு இருந்த கேள்வி. அன்றைய திருச்சபையின் போதனை இது: பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தின் குற்றம் மன்னிக்கப்படும், நரகமும் நீங்கும். ஆனால் அந்தப் பாவத்துக்குரிய தண்டனையில் மிச்சம் இருக்கும். அதை இம்மையில் தவத்தாலும் தருமத்தாலும் கழிக்க வேண்டும். கழிக்காததை உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேதனைப்பட்டுத் தீர்க்க வேண்டும். கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுபலன்கள் ஒரு கருவூலமாகத் திருச்சபையிடம் இருக்கின்றன, அதிலிருந்து எடுத்து அந்த மிச்சத்தைக் குறைக்கலாம் என்று 1343இல் பாப்பரசர் ஆறாம் கிளெமென்ட் வரையறுத்திருந்தார். ஆக, சீட்டு பாவத்தை மன்னிக்கவில்லை, தண்டனையைத்தான் தள்ளுபடி செய்தது. அதற்கும் மனஸ்தாபமும் பாவசங்கீர்த்தனமும் வேண்டும். இந்த நிபந்தனையெல்லாம் லத்தீனில் இருந்தது. வாங்கியவர்களில் லத்தீன் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

1476இல் சீட்டு ஒரு பெரிய எல்லையைத் தாண்டியது. இறந்துபோனவர்களுக்காகவும் இதைப் பெறலாம் என்றார் நான்காம் சிக்ஸ்டஸ். தன் தண்டனைக்கு அஞ்சியவன் ஒருமுறை வாங்கினால் போதும். செத்துப்போன தாய் நெருப்பில் கிடக்கிறாள் என்று நம்புகிற மகன் எத்தனை முறை வாங்குவான்?

இனி ஆல்பிரெக்ட். பிராண்டன்பர்க் அரச குடும்பத்துப் பிள்ளை. மாக்டபர்க் பேராயர் பதவி கையில் இருக்கும்போதே, 24 வயதில் மைன்ஸ் பேராயராகவும் ஆனார். இரண்டு பதவிக்கும் சேர்த்து ரோமாபுரிக்குக் கட்ட வேண்டிய தொகைக்கு ஆக்ஸ்பர்க்கின் ஃபுகர் வங்கியில் கடன் வாங்கினார். புனித பேதுரு பேராலயத் திருப்பணிக்காகப் பத்தாம் லியோ 1515இல் அறிவித்த சீட்டு ஆல்பிரெக்டின் எல்லைக்குள் விற்கப்பட்டது. வசூலில் பாதி பேராலயத்துக்கு, பாதி ஃபுகர் கடனுக்கு. காணிக்கைப் பெட்டியோடு ஃபுகரின் ஆட்களும் ஊர் ஊராகப் போனார்கள். அந்தஸ்துக்குத் தகுந்த விலை: அரசர்களும் ஆயர்களும் 25 ரைன் கில்டன். காசே இல்லாதவர்கள் நோன்பும் ஜெபமும் செலுத்தலாம், பரலோகம் ஏழைகளுக்கும் திறந்திருக்க வேண்டும் அல்லவா என்றது ஆல்பிரெக்டின் அறிவுரைக் குறிப்பு. நல்ல வாசகம்தான். அதே குறிப்பில், இறந்தவருக்காகக் காசு போடுபவர் மனஸ்தாபப்படவோ பாவசங்கீர்த்தனம் செய்யவோ தேவையில்லை என்றும் இருக்கிறது.

விற்கக் கிளம்பியவர் டொமினிக்கன் சபைத் துறவி யோஹான் டெட்சல். சாக்சனி ஆட்சியாளர் ஃபிரெடெரிக் அவரைத் தம் எல்லைக்குள் விடவில்லை. பக்தியோ கொள்கையோ காரணமல்ல. விட்டன்பர்க்கில் ஃபிரெடெரிக் சேர்த்து வைத்திருந்த புனிதப் பண்டங்களைத் தரிசித்தாலும் இதே சலுகை உண்டு, அந்த வருமானம் குறையும். ஆனால் விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போகுக்குப் போய் வாங்கி வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் பாவசங்கீர்த்தனக் குருவிடம் சீட்டை நீட்டினார்கள். அந்தக் குரு, அகுஸ்தீனார் சபைத் துறவி மார்ட்டின் லூத்தர்.

1517 அக்டோபர் 31 அன்று லூத்தர் 95 கருத்துரைகளை இணைத்து ஆல்பிரெக்டுக்கே கடிதம் எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம்: மனந்திரும்புதல் ஒரு நாள் சடங்காக முடிவதில்லை, விசுவாசியின் ஆயுள் முழுவதும் நடப்பது; உண்மையாக மனஸ்தாபப்பட்டவனுக்குச் சீட்டு இல்லாமலே முழு மன்னிப்பு உண்டு. மனிதன் கடவுள் முன் நீதிமானாவது கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தால், கிருபையால் மட்டுமே என்ற போதனையாக இது பின்னர் முற்றியது. அப்படியானால் நற்செயல்கள் எதற்கு? மீட்பைச் சம்பாதிக்க அல்ல, மீட்கப்பட்டவனின் நன்றியாக என்றார் லூத்தர். எந்த அச்சுப்பொறி சீட்டைப் பரப்பியதோ அதுவே இந்தக் கருத்துரைகளையும் சில வாரங்களில் நியூரம்பர்க், லைப்சிக், பாசெல் வரை கொண்டுபோனது.

டெட்சல் 1519இல் மனமொடிந்து இறந்தார். படுக்கையில் கிடந்தவருக்கு லூத்தர் ஆறுதல் கடிதம் எழுதினார்: இந்த விவகாரம் உங்களால் வந்ததல்ல, இந்தப் பிள்ளைக்கு அப்பன் வேறு. அவர் குறிப்பிட்டது டெட்சலுக்கு மேலே இருந்தவர்களை.

விற்பனையை ஒழித்தது கத்தோலிக்கத் திருச்சபையே. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் கேவலமான வசூலைக் கண்டித்தது. 1567இல் ஐந்தாம் பயஸ் பணம் சம்பந்தப்பட்ட சலுகைகளை ரத்து செய்தார். போதனை மட்டும் நின்றது. இத்தனை நாள், இத்தனை ஆண்டு குறையும் என்ற கணக்கை 1967இல் ஆறாம் பவுல் எடுத்துவிட்டார். நவம்பர் முதல் வாரத்தில் கல்லறைக்குப் போய் இறந்தவருக்காக ஜெபித்துப் பரிபூரண பலன், அதாவது முழுச் சலுகை, பெறுவது தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கும் தெரிந்த வழக்கம். அதில் யாரும் யாருக்கும் காசு தருவதில்லை.

1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புப் பணியில் வைக்கும் விசுவாசத்தில், நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்லாமல் கடவுள் நம்மை ஏற்கிறார் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. எல்லா வேறுபாடும் தீர்ந்ததாக அது சொல்லவில்லை. இந்தச் சலுகை குறித்த சச்சரவு இன்னும் பாக்கி. கையெழுத்து நடந்த ஊர் ஆக்ஸ்பர்க். 1518இல் கர்தினால் கயெத்தான் லூத்தரை விசாரித்தது அங்கே ஃபுகர் மாளிகையில்தான்.

அதே ஊரில் ஏழைக் கத்தோலிக்கருக்காக அந்த வங்கிக் குடும்பத்தின் ஜாக்கோப் ஃபுகர் 1521இல் நிறுவிய ஃபுகரை குடியிருப்பு இன்னும் நடக்கிறது. ஆண்டு வாடகை அன்று ஒரு ரைன் கில்டன், இன்று அதற்கு ஈடாக 88 சென்ட். குடியிருப்பவர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஃபுகர் குடும்பத்தாரின் ஆன்மாவுக்காகத் தினமும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள்நிறை மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம்.