பெங்களூரின் பொது நிலங்கள்

பெங்களூர்க் கரகத் திருவிழாவைக் காணாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே அரிதே. சித்திரை முழுநிலவு இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும் அக்கரகத்தின் சடங்குகள் சம்பங்கி ஏரியோடு பிணைந்தவை. ஏரி எங்கே? அதன் படுகையில் இன்று கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கின்றது. சடங்குக்கென ஒரு சிறு குளமே எஞ்சியுள்ளது. அவ்வேரியைச் சூழ்ந்து தோட்டம் வளர்த்த திகளர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்தோர் என்பது வழிவழியாகச் சொல்லப்பெறும் செய்தி. ஆதலின் இஃது அயலார் கதை அன்று.

ஏரிகள் மறைந்த வரலாறு விந்தையானது. 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் நகரை எட்டியது. குடிநீருக்கு ஊர் ஏரியை நம்பியிருந்த நிலை அதனோடு மாறலாயிற்று. பேணுவாரற்ற ஏரி வற்றும். வற்றிய ஏரி வெற்று நிலமென்று ஏட்டில் ஏறும். வெற்று நிலத்துக்கோ விலை உண்டு! கெம்பே கௌடரின் பெயரோடு வழங்கும் தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாயிற்று. கோரமங்கலத்து ஏரிப் படுகையில் 1997ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுகளுக்காக அடுக்கு வீடுகள் எழுந்தன. பேருந்து நிலையம் வேண்டாமென்று நாம் கூறவில்லை. நம்மவர் பலர் இந்நகரில் முதன்முதல் கால் வைத்த இடமே அதுதான். பொது நிலம் தனியார் கைக்கு மாறுவதே நாம் அஞ்சுவது.

அவ்வாறு மாறவிருந்த ஒன்றைக் குடிமக்கள் மீட்ட வரலாறும் இந்நகருக்கு உண்டு. இராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம், தனியார் மருத்துவமனை கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்கு வழங்கப்பெற்றது. அங்குக் குடியிருந்தோர் வாளாவிருந்தாரல்லர், வழக்குத் தொடுத்தனர். மருத்துவமனையும் பொதுநலமன்றோ என்னும் வாதம் எழுந்தது. கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயினும் 1991இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. பூங்காவுக்குரிய இடத்தை அவ்வாறு வழங்குதல் சட்டத்துக்குப் புறம்பென்றும், குடியிருப்போர்க்கு அதனை எதிர்த்து வழக்காடும் உரிமை உண்டென்றும் தீர்ப்பளித்தது. பெங்களூர் வளர்ச்சி ஆணையச் சட்டத்தில் சேர்க்கப்பெற்ற 38-அ பிரிவும் பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகியவற்றுக்குரிய நிலத்தை வேறு பயனுக்கு விற்பது செல்லாதென்கின்றது.

சட்டமியற்றுவோர் மனம் வைத்தால் எத்துணை நன்மை விளையும் என்பதற்குக் கப்பன் பூங்கா சான்று. 1870இல் சாங்கி என்னும் பொறியாளர் வகுத்த அப்பூங்காவையும் லால்பாக்கையும் காக்க, 1975இல் கர்நாடகச் சட்டமன்றம் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதே பூங்காவின் ஒரு பகுதியை எல்லையிலிருந்து நீக்க 1998இல் அரசு முற்பட்டதும் உண்மையே. அதுவும் எதற்காக? சட்டமன்ற உறுப்பினர் விடுதிக்காக! மக்கள் பூங்காவிலேயே திரண்டு எதிர்த்தனர்; வழக்கும் நடந்தது.

பின்னர் ஏ.டி. இராமசாமி தலைமையில் அமைந்த சட்டமன்றக் கூட்டுக்குழு, 2007இல் அளித்த அறிக்கையில் பெங்களூர் நகர மாவட்டத்தில் மட்டும் 27,000 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருப்பதாகக் கூறிற்று. உறுப்பினர்கள் தாமே தோண்டியெடுத்த கணக்கு அது. ஆக்கிரமித்தவர்க்கே நிலத்தை விற்று முறைப்படுத்திவிடலாம் என்னும் யோசனை எழும்போதெல்லாம், அக்கணக்கை அவர்கட்கு நினைவூட்ட வேண்டியவர் வாக்காளராகிய நாமே.

நம் காலனியின் வரைபடத்தில் பூங்கா, திடல் எனக் குறித்த மனைகள் எவை என்பதை இவ்வாண்டே கேட்டுப் பெறுவோம். அவற்றை விற்கவோ குத்தகைக்கு விடவோ வரும் எத்திட்டத்தையும் மன்றத்தில் எதிர்க்குமாறு நம் தொகுதி உறுப்பினரிடம் மனு அளிப்போம். மனு கன்னடத்தில் இருத்தல் நலம். நம் பிள்ளைகள் நம்மினும் செம்மையாக எழுதித் தருவர்.