கொலிஸ்டினும் பெப்டைடுதான்: ‘எதிர்ப்பு எழாது’ என்னும் வாதத்துக்கு ஒரு மறுப்பு

திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் மருத்துவமனையும் பரிசோதனை நிலையமும் மருந்துக் கடையும் அடுத்தடுத்து நிற்கின்றன. கார்பாபெனெம் என்னும் வலுவான ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத கிளெப்சியெல்லா பாக்டீரியா ரத்தத்தில் கலந்து செப்சிஸ் கண்டுவிட்டால், அங்கானாலும் வேறெந்த இந்திய நகரமானாலும், மருத்துவர் கடைசியாக நாடும் மருந்துகளுள் ஒன்று கொலிஸ்டின்.

கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளுக்குப் பாக்டீரியா எளிதில் பழகாது, சவ்வின் மின்னேற்றத்தையே மாற்றுவது அதற்குக் கட்டுப்படியாகாது என்று ஒரு தரப்பினர் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். கொலிஸ்டினே பத்து அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. அதன் ஐந்து நேர்மின்னேற்றங்கள் பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள, எதிர்மின்னேற்றம் கொண்ட லிப்பிட்-ஏயைப் பற்றிக்கொண்டு, சவ்வை இறுக்கி வைத்திருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வெளியே தள்ளுகின்றன. 2015இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 மரபணு, லிப்பிட்-ஏயில் ஃபாஸ்ஃபோஎத்தனாலமீனை ஒட்டி, எதிர்மின்னேற்றத்தைக் குறைத்து, அந்தப் பிடிமானத்தையே தளர்த்துகிறது.

2023இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ‘ஈலைஃப்’ இதழில் வெளியிட்ட முடிவு இங்கே முக்கியமானது. எம்சிஆர்-1 ஏற்ற ஈ.கோலையைக் கோழி, பன்றி, மனிதர் ஆகியோரின் உடலே சுரக்கும் பெப்டைடுகளுக்கு எதிரே நிறுத்தினார்கள். எதிர்ப்பு சராசரியாக 62 சதவீதம் கூடியிருந்தது. மனித ரத்தச் சீரத்தை இரு மடங்காவது தாங்கியது. மருந்துக்குப் பழகிய கிருமி, நம் உடலின் முதல் காவலுக்கும் பழகியிருக்கிறது. இது ஈ.கோலையில் கண்டது, கிளெப்சியெல்லாவுக்கு அப்படியே பொருத்துவதில் நிதானம் வேண்டும்.

ஆனாலும் வேதியியல் ஒரே திசையைத்தான் காட்டுகிறது. இந்தியக் கிளெப்சியெல்லாவில் எம்சிஆர் அரிது என்பது மெய். வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆய்வுகளில் பெரிதும் தென்பட்டது, லிப்பிட்-ஏ மாற்றத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் எம்ஜிஆர்-பி மரபணுவின் சிதைவு. அந்தக் கட்டுப்பாடு போனால் லிப்பிட்-ஏயில் அமினோஅராபினோஸ் ஏறுகிறது. எதிர்மின்னேற்றம் இங்கும் குறைகிறது. வழி வேறு, விளைவு அதே.

தடை விதித்தால் தீரும் என்பார்கள். சீனா 2017இல் கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டினை நிறுத்தியபின் எம்சிஆர்-1 குறைந்தது. இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தடை விதித்தது. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குப் பக்கத்திலிருக்கும் திருச்சிக்கு அது வேண்டிய தடைதான். ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கொலிஸ்டின் ஏறும்போதே தேர்வாகும் எம்ஜிஆர்-பி சிதைவு போன்ற குரோமோசோம் திரிபைப் பண்ணைத் தடை தொடாது.

பரிசோதனை மேசையிலும் சிக்கல் உண்டு. அகார் தட்டில் வட்டு வைத்துப் பார்க்கும் வழக்கமான முறை கொலிஸ்டினுக்கு உதவாது. பெரிய மூலக்கூறு அகாருக்குள் சரியாகப் பரவாது. சிறு குழிகளில் மருந்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து கிருமியை இட்டு, மறுநாள் எந்தக் குழி கலங்காமல் தெளிந்திருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். புதிய பெப்டைடு மருந்துகளையும் இதே குழிகளில், எம்ஜிஆர்-பி சிதைந்த இந்தியக் கிளெப்சியெல்லாவின் மீதும், மனித ரத்தச் சீரம் கலந்தும், நோயாளியிடம் கொண்டுபோகும் முன்னரே சோதிக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த நோஞ்சான் ஈ.கோலையை மட்டும் கொன்று காட்டினால் போதாது. செலவாகும் என்ற மறுப்புக்கு இங்கே இடமில்லை: முரெபவாடின் என்ற பெப்டைடு 2019இல் சிறுநீரகப் பாதிப்பால் மூன்றாம் கட்டத்தில் நின்றபோது போன செலவோடு ஒப்பிட்டால், முன்கூட்டிச் செய்யும் இந்தச் சோதனையின் செலவு அற்பம்.