ஆரோக்கியவரம் கற்பித்த பாடம்

மருத்துவத்தைத் தேடி நோயாளி செல்வதா, நோயாளியைத் தேடி மருத்துவம் செல்வதா? இக்கேள்விக்கு நம் நாடு விடை கண்ட வரலாற்றில் சித்தூர் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. திருப்பதியையும் காளத்தியையும் தன்னகத்தே கொண்டிருந்த அம்மாவட்டம் தமிழருக்குப் புதியதன்று. 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் தாலுகாக்களைச் சேர்த்து அமைக்கப்பெற்ற அது, 1953இல் ஆந்திர ராஜ்யம் பிறக்கும் வரை சென்னையோடு இணைந்திருந்தது. 2022இல் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளியும் சித்தூரினின்று பிரிந்தது. நாம் கூறப்போகும் வரலாறு அந்த மதனப்பள்ளியில் தொடங்குகிறது.

க்ஷயரோகம் என்னும் காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. நல்ல காற்று, நிறைந்த ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றையுமே மருத்துவர்கள் நம்பியிருந்தனர். மதனப்பள்ளியின் வறண்ட மேட்டு நிலம் இதற்கு ஏற்றதெனக் கருதிப் பல கிறிஸ்தவ மிஷன்கள் ஒன்றுகூடி 1915இல் ஒரு சானடோரியத்தைத் திறந்தன. அவ்விடம் ஆரோக்கியவரம் எனப் பெயர் பெற்றது. டென்மார்க்கு நாட்டு மருத்துவர் கிறிஸ்தியான் பிரிமோத் மோலர் அதன் முதல் தலைவர். பின்னர் அங்குத் தலைமை ஏற்ற டாக்டர் பெஞ்சமின், இந்திய அரசின் காசநோய் ஆலோசகராகவும் விளங்கினார்.

சானடோரியம் ஒருவகையில் பள்ளிக்கூடமாகவும் இருந்தது. இருமும்போது வாயை மூடுவது, கண்ட இடத்தில் உமிழாதிருப்பது, பலகணியைத் திறந்து வைத்து உறங்குவது ஆகிய பழக்கங்களை நோயாளி அங்கே கற்றார். ஆயினும், மாதக்கணக்கில் வீட்டையும் தொழிலையும் விட்டு வரக்கூடியவர் எத்தனை பேர்? இலட்சக்கணக்கான நோயாளிகளுக்குப் படுக்கைகள் அமைப்பதும் எந்த அரசாலும் இயலாத காரியம். ஆகவே, மருத்துவமே ஊருக்குள் செல்ல வேண்டியதாயிற்று.

1948 ஆகஸ்டில் பி.சி.ஜி. என்னும் தடுப்பு ஊசி மதனப்பள்ளியில் போடப்பட்டது. இந்தியாவில் அவ்வூசி இயக்கத்தின் தொடக்கம் அதுவே. அதற்கான மருந்தைத் தயாரிக்கும் கூடம் சென்னைக் கிண்டியில் அதே ஆண்டில் நிறுவப்பட்டது. 1950 முதல் 1955 வரை ஆரோக்கியவரத்து ஆராய்ச்சியாளர்கள் மதனப்பள்ளி நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்து, மக்களை எக்ஸ்ரே கருவியால் சோதித்தனர். மருத்துவமனை வாயிலுக்கு வருவோரை எண்ணுவதற்கும், வராதவரையும் தேடிச்சென்று எண்ணுவதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. காசநோய் நகரத்து நெரிசலின் நோய் என்ற எண்ணம் பரவியிருந்தது. 1955 முதல் 1958 வரை நாடெங்கும் நடத்தப்பட்ட ஆய்வோ, கிராமங்களும் ஏறக்குறைய அதே அளவு பீடிக்கப்பட்டிருப்பதைக் காட்டிற்று.

ஊசி இயக்கம் எதிர்ப்பின்றி நடந்துவிடவில்லை. 1955இல் ராஜாஜி அவர்களே அதனைத் தாம் எதிர்ப்பதன் காரணத்தை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒரு பெரியவர் ஐயம் எழுப்பினால் பல்லாயிரம் தாய்மார் தம் குழந்தைகளை மறைத்துக்கொள்வர் என அஞ்சியவர் பலர். எனினும், ஐயத்துக்கு மறுமொழி அதட்டலன்று, ஆராய்ச்சியே. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் பரிசோதனையின் முடிவு 1979இல் வெளியாயிற்று. வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று அது கூறிற்று. ஆனால் சிறு குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் கொடிய காசநோயினின்று அது காக்கின்றது என்பது பிற ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுகிறது. முழு நம்பிக்கையும் முழு மறுப்பும் ஒருங்கே திருத்தம் பெற்றன.

இதற்கிடையே மருந்துகளும் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது; ஐசோநயாசிட் 1952இல் வழக்குக்கு வந்தது. 1956இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நிலையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கிற்று. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் தம் எளிய வீடுகளிலேயே இருந்து மருந்து உண்டனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணம் அடைந்திருந்தனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. 1962இல் தொடங்கிய நம் தேசியக் காசநோய்த் திட்டத்துக்கும் இதுவே அடிப்படை. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வரலாயிற்று.

ஆயின், வீட்டிலிருந்து மருந்து உண்பவருக்குக் கற்பிப்பவர் யார்? இங்கேதான் கல்விக் கருவிகள் துணை வருகின்றன. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி சென்றது. காலையில் பள்ளிச் சிறுவருக்கு விஞ்ஞானமும், மாலையில் பெரியோருக்கு உழவும் உடல்நலமும் போதிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டு மார்ச்சில், சித்தூருக்கு அருகிலுள்ள அரகொண்டா என்னும் சிற்றூரின் மருத்துவமனை தொலைமருத்துவத்தால் நகரத்து நிபுணரோடு இணைக்கப்பட்டது. மேட்டு நிலத்துக்கு நோயாளி பயணம் செய்த அதே மாவட்டத்தில், நிபுணரின் கண்ணே நோயாளியிடம் பயணம் செய்யும் காலம் வந்தது.

கருவி எவ்வளவு தொலைவு சென்றாலும், இறுதி அடியை நோயாளியே எடுத்துவைக்க வேண்டும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசு அதனை இலவசமாகவே தருகிறது. இரண்டாம் மாதத்திலேயே இருமல் அடங்கிவிடக்கூடும். குணமாயிற்று என்று எண்ணி மருந்தை நிறுத்தினால் நோய் மீளும். மருந்துக்கு அடங்காத வடிவிலும் மீளக்கூடும். வேலையின் பொருட்டு மும்பையினின்று தில்லிக்கும், பெங்களூரினின்று சொந்த ஊருக்கும் இடம் பெயர்வோர்க்கு இவ்விடையூறு மிகுதி. ஊர் மாறும் முன் சிகிச்சை நிலையத்தில் தெரிவித்தால், புதிய ஊரிலேயே மருந்து தொடர வழி உண்டு. ஊரைவிட்டு ஊர் செல்லும் நாம் பெட்டியில் முதலில் எடுத்து வைக்க வேண்டியது அந்தச் சிகிச்சைச் சீட்டே.