தலைகீழ் வழிகாட்டல்

பெரிய நிறுவனங்களில் இளம் ஊழியர் ஒருவர் மூத்த அதிகாரிக்குக் கற்றுக்கொடுக்கும் முறை. அனுபவசாலி புதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் வழக்கமான வழிகாட்டலுக்கு இது நேர் எதிர்.

இந்த முறையைப் பெரிய அளவில் பரப்பியவர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஜாக் வெல்ச். 1999-ல், இணையம் வணிகத்தைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்த நேரம். தம் உயர் அதிகாரிகள் சுமார் 500 பேரிடம், ஆளுக்கொரு இளைஞரைத் தேடிப்பிடித்து இணையம் கற்கச் சொன்னார். அறுபதைத் தாண்டிய வெல்ச்சும் மாணவராக உட்கார்ந்தார். உத்தரவு போட்டே பழகியவர்கள், எந்த இணைப்பை எங்கே சொடுக்குவது என்று இளையவரைக் கேட்க வேண்டியிருந்தது. பதவியின் கூச்சத்தை உடைத்ததுதான் இதன் மெய்யான சாதனை.

இளையவருக்கும் இதில் லாபம் உண்டு. சாதாரணமாக எட்ட முடியாத ஓர் அறைக்குள் அவர் நுழைகிறார். முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறார். பதவி உயர்வு பேசப்படும் இடத்தில் அவர் பெயரைச் சொல்ல ஒருவர் கிடைக்கிறார்.

பொதுவாக வழிகாட்டல் பற்றிய ஆய்வுக்கு அடித்தளமிட்டவர் ஆய்வாளர் கேத்தி கிராம். 1985-ல் வெளியான தம் நூலில், வழிகாட்டி செய்யும் பணியை இரண்டாகப் பிரித்தார்: தொழிலில் முன்னேற உதவுவது, மனத்துக்குத் துணை நிற்பது. உறவு துளிர்க்கும், வளரும், பிரியும், பிறகு நட்பாக மாறும் என்றும் காட்டினார்.

நடைமுறையில் தலைகீழ் வழிகாட்டல் தடுமாறும் இடம் ஒன்று: நேரம். மூத்தவர் இரண்டு சந்திப்புகளைத் தள்ளிவைத்தால், மூன்றாவதைக் கேட்க இளையவருக்கு வாய் வராது. தேதியை முன்கூட்டியே குறித்து, அதை மாற்றும் பொறுப்பை மூத்தவரிடமே விட வேண்டும்.